சின்ன பாய்மரப் படகுல பவ் ரோலர் மாட்டப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பவ் ரோலர்ங்கிறது படகோட மூக்குல மாட்டுற உருளை, ரெண்டு பக்கமும் தகடு இருக்கும், நங்கூரச் செயினும் கயிறும் அது மேலதான் ஓடும். அதை வெறும் நங்கூரத்தை உக்கார வைக்கிற ஸ்டாண்டுன்னு நினைச்சு வாங்குறதுதான் முதல் தப்பு, மத்த தப்புல பாதி இங்கேருந்துதான் கிளம்புது. 20, 25 அடி படகுக்கு நங்கூரம் 6 கிலோவோ 10 கிலோவோ இருக்கும், இதைத் தாங்க ஒரு மெல்லிசு தகடு போதாதான்னு தோணும். ஆனா நங்கூரம் போட்டு நிக்கிற ராத்திரியில காத்து ஏறுச்சுன்னா ரோலர் மேல வர்றது நங்கூரத்தோட எடை இல்லைங்க, படகோட இழுப்பு. அலையில படகோட மூக்கு மேல எழும்பும், கீழ மண்ணுல புதைஞ்ச நங்கூரம் விடாது, செயின் விறைச்சு நிக்கும், அந்த வெட்டி இழுக்குற இழுப்பு அப்படியே ரோலர்ல விழும். நேரா கீழ இழுத்தாக்கூட சமாளிச்சுடும், ஆனா படகு ஒரு இடத்துல நிக்காம இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கிட்டே இருக்குறதால இழுப்பு பக்கவாட்டுல வரும், ரோலரைப் பிய்க்கிறது அந்தப் பக்கவாட்டு இழுப்புதான்.

நான் கண்ணால பார்த்த ஒண்ணைச் சொல்றேன். ஒரு ராத்திரி நல்ல காத்து, காலையில போய்ப் பார்த்தா ரோலரோட ரெண்டு பக்கத் தகடுல ஒண்ணு புத்தகம் விரிஞ்ச மாதிரி வெளிய சாஞ்சு கிடக்கு, செயின் உருளையை விட்டு எறங்கி உருளைக்கும் தகடுக்கும் நடுவுல இறுகிப் போயிருக்கு, முன்னாடியும் போகல பின்னாடியும் வரல. தகடு 2 மிமீ கூட இல்ல, மேல குறுக்கு பின் எதுவும் போடல. அதனால வாங்கும்போதே தகடு 4, 5 மிமீ இருக்கான்னு பாருங்க, மேல் விளிம்பு வெளிப்பக்கமா மடிஞ்சு அகலமா இருந்தா ரொம்ப நல்லது, செயின் துள்ளி வெளிய வராம இருக்க குறுக்கு பின் கண்டிப்பா வேணும். அப்புறம் விளிம்பை விரலால தடவிப் பாருங்க, விரலுக்கு உறுத்துச்சுன்னா கயித்தையும் அறுக்கும், அரம் வச்சு உருட்டையா தேச்சுட்டுத்தான் மாட்டணும்.

இன்னொரு கணக்கு இருக்கு, இதை நிறைய பேரு போட்டே பார்க்குறதில்ல. ரோலர் டெக் (படகோட மேல்தளம்) விளிம்பைத் தாண்டி 30 செமீ வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, பின் போல்ட் விளிம்புலேருந்து 10 செமீ உள்ள இருக்குன்னு வைங்க, நுனியில 100 கிலோ கீழ இழுத்தா பின் போல்ட்டை மேல பிடுங்குற விசை 300 கிலோ. கடப்பாரை வேலை செய்யிற அதே விதம்தான். அதே பின் போல்ட்டை 30 செமீ உள்ள தள்ளிப் போட்டா 100 கிலோதான். அப்போ வெளிய நீட்டுறதைக் குறைக்கணும், உள்ள போற நீளத்தைக் கூட்டணும். ரொம்பவும் குறைச்சுட்டாலும் வம்பு, நங்கூரத்தைத் தூக்கும்போது அதோட கூர்முனை வந்து ஜெல்கோட்ல, அதாவது படகோட வெளிப்பூச்சுல, நச்சுன்னு குத்தும், அதுவும் மூக்கு செங்குத்தா இருக்குற படகுல இது கட்டாயம் நடக்கும்.

அதனால ரோலரை முதல்ல வாங்கிட்டு அப்புறம் நங்கூரம் தேடாதீங்க, நங்கூரத்தை முடிவு பண்ணிட்டுத்தான் ரோலர். ஏர் மாதிரி இருக்குற ப்ளவ் டைப் நங்கூரத்துக்கு நல்லா உக்கார்ற ரோலர்ல தட்டையான டான்ஃபோர்த் டைப் உக்காராது, ரோக்னா மாதிரி தலைக்கு மேல வளைவுக் கம்பி இருக்குற நங்கூரம்னா அந்தக் கம்பி போய் முன்பாயைச் சுருட்டுற ஃபர்லர் டிரம்லயோ முன்பக்கக் கைப்பிடிக் கம்பியிலயோ முட்டும். ஒரு பழைய பிளைவுட் துண்டை ரோலர் அளவுக்கு வெட்டி, டெக்ல கிளாம்ப் போட்டு இறுக்கி, நங்கூரத்தை அது மேல உக்கார வச்சுப் பாருங்க. மேல தூக்குங்க, கீழ இறக்குங்க, பாயைச் சுருட்டி விரிச்சுப் பாருங்க, முன்னாடி இருக்குற விளக்கை நங்கூரம் மறைக்குதான்னு தண்ணிப் பக்கம் நின்னு பாருங்க. அரை நாள் போகும், போகட்டும்.

ஃபோர்ஸ்டே, அதாவது பாய்மரத்து உச்சிப் பக்கத்துலேருந்து மூக்குக்கு வர்ற கம்பி, அது விஷயத்துல விளையாடவே கூடாது. நடு மூக்குல ஏற்கனவே ஃபோர்ஸ்டே பிடிச்சிருக்குற இரும்பு இருக்கும், அந்த போல்ட்டையே கழட்டி ரோலரையும் சேர்த்து மாட்டிடலாம்னு ஆசை வரும். பாய்மரத்தை முன்பக்கம் பிடிச்சு நிறுத்துறதே ஃபோர்ஸ்டேதான், மரம் நின்னுக்கிட்டு இருக்கும்போது அதைத் தளர்த்தினா மரம் பின்னாடி சாயும். கழட்டியே ஆகணும்னா மரத்தை இறக்கிட்டுப் பண்ணுங்க, இல்லேன்னா ஹாலியார்டை (பாயை மேல ஏத்துற கயிறு) முன்னாடி பலமான இடத்துல கட்டி இழுத்து இறுக்கிட்டு அப்புறம் கை வைங்க. என்னைக் கேட்டா நடுவுலேருந்து கொஞ்சம் தள்ளி ரோலரைத் தனியா மாட்டுறதுதான் நிம்மதி, சின்னப் படகுக்கு அந்தக் கொஞ்ச விலகல் பெருசா ஒண்ணும் பண்ணாது.

இப்போ டெக். மனசு வலிக்கிற தப்பு இங்கதான் நடக்குது, ஏன்னா இது நடந்தது தெரியவே பல வருஷம் ஆகும். ஃபைபர் படகு டெக் நிறைய இடத்துல மேல ஒரு ஃபைபர் தோல், கீழ ஒரு தோல், நடுவுல பால்சா மரமோ ஃபோமோ பிளைவுட்டோ இருக்கும். மூக்குல கெட்டி ஃபைபராவும் இருக்கலாம், ஆனா இருக்கும்னு நம்பி இறங்கக் கூடாது. ஒரு பழைய படகுல ட்ரில் போடும்போது நான் பக்கத்துல இருந்தேன், முதல்ல வெள்ளையா ஃபைபர் தூள் வந்துச்சு, அடுத்த நொடி கருப்பா ஈரமா மக்குன மரம் பிட்டுல சுத்திக்கிட்டு வந்துச்சு, மோந்து பார்த்தா குப்பைமேட்டு வாடை. முன்னாடி யாரோ நாலு ஸ்க்ரூவை நேரா மரத்துக்குள்ள இறக்கி, அது வழியா மழையும் கடலும் வருஷக்கணக்கா உள்ள போயிருக்கு, அந்த மூக்கு டெக்கையே பிரிச்சுக் கட்ட வேண்டியதாப் போச்சு.

அதனால முறையா பண்ணுங்க. முதல்ல ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால டெக்கைத் தட்டிக்கிட்டே வாங்க, டக் டக்னு கெட்டியா கேக்குற இடம் நல்ல இடம், பொத்துன்னு கேட்டா உள்ள சந்தேகம். 8 மிமீ போல்ட்டுன்னா மேல் தோலையும் நடு மரத்தையும் மட்டும் 15, 16 மிமீ பிட்டால தோண்டுங்க, கீழ் தோலை விட்டுடுங்க. வளைச்ச ஆணியை ட்ரில்ல மாட்டி ரெண்டு தோலுக்கும் நடுவுல சுத்தி இருக்குற மரத்தையும் கொஞ்சம் சுரண்டி எடுங்க. உள்ள ஈரம் இருந்தா நல்லா காயிற வரைக்கும் அடுத்த வேலை கிடையாது. காஞ்சதும் வெறும் எபாக்ஸியை (ரெண்டு திரவம் கலந்தா இறுகுற பசை) தடவி மரம் குடிக்க விட்டு, அப்புறம் பவுடர் கலந்து கெட்டியாக்குன எபாக்ஸியை நிரப்புங்க. இறுகினதுக்கு அப்புறம் அதோட நடுவுல 8 மிமீ ஓட்டை. இப்போ போல்ட்டைச் சுத்தி எபாக்ஸி சுவர் நிக்குது, தண்ணி கசிஞ்சாலும் மரத்துக்குப் போகாது, போல்ட்டை இறுக்கும்போது டெக் நசுங்கவும் நசுங்காது.

கீழ்ப்பக்கம் வெறும் வாஷர் போட்டு முடிக்கிறதும் அடிக்கடி பார்க்குற தப்பு. வாஷர் ரெண்டு விரல் அகலம் கூட இருக்காது, அந்த 300 கிலோ அங்க போய் குவிஞ்சா ஃபைபரைக் கிழிச்சுக்கிட்டு மேல வந்துடும். எல்லா போல்ட்டுக்கும் சேர்த்து டெக்குக்கு அடியில ஒரே பேக்கிங் பிளேட் (தாங்கு தகடு) போடுங்க, 6 மிமீக்குக் குறையாத ஜி10 ஃபைபர் ஷீட் எனக்குப் பிடிச்சது, துருவும் கிடையாது, மக்குறதும் கிடையாது. அலுமினியம் போட்டீங்கன்னா ஸ்டெயின்லெஸ் போல்ட்டோட உப்புத்தண்ணி சேர்ந்து அலுமினியத்தைத் தின்னும், வெள்ளைப் பொடியா கொட்ட ஆரம்பிக்கும், நடுவுல நைலான் வாஷர் கொடுத்துத்தான் ஆகணும். டெக்கோட அடிப்பக்கம் மேடு பள்ளமா இருக்கும், பிளேட்டை அப்படியே வச்சு இறுக்கினா மேடு இருக்குற இடத்துல மட்டும்தான் ஒட்டும், கெட்டி எபாக்ஸியைப் பூசி அதுல பிளேட்டை உக்கார வைங்க.

தண்ணி கசியாம அடைக்கிற சீலன்ட்டுக்கு சிலிகான் வேண்டாம், அது ஒரு தடவை பட்ட இடத்துல அப்புறம் வேற எதுவும் ஒழுங்கா ஒட்டாது. 3எம் 5200 மாதிரி நிரந்தரமா ஒட்டுற சீலன்ட்டும் வேண்டாம், நாளைக்கு ரோலரைக் கழட்டணும்னா ஜெல்கோட்டோட சேர்ந்துதான் வரும். பியூட்டில் டேப்போ பாலிசல்ஃபைடு சீலன்ட்டோ போதும். ஓட்டையோட மேல் வாயை லேசா சரிவா குடைஞ்சுட்டீங்கன்னா சீலன்ட் அங்க ஒரு ரிங் மாதிரி தங்கும். இறுக்கும்போது மேல ஒருத்தர் போல்ட் தலையைப் பிடிச்சுக்கணும், கீழ இருக்குறவர் நட்டை மட்டும் திருப்பணும், போல்ட் சுத்துனா சீலன்ட் அறுந்துடும். பியூட்டில்னா ஒரே நாள்ல முழுசா இறுக்காதீங்க, ரெண்டு மூணு நாள் விட்டு விட்டு இறுக்குங்க.

போல்ட் 316 கிரேட் ஸ்டெயின்லெஸ்ஸா கேட்டு வாங்குங்க. ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காதுங்கிறதை முழுசா நம்பாதீங்க, காத்து படாம உப்புத்தண்ணி தேங்குற ஓட்டைக்குள்ள அதுவும் அரிக்கும். மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி கையால நிதானமா திருப்புங்க, இம்பாக்ட் டிரைவர் வச்சு ஓட்டினா நட்டும் போல்ட்டும் ஒண்ணா பிடிச்சுக்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.

ரோலர்லேருந்து கிளீட்டுக்கு (டெக்ல நங்கூரக் கயித்தைக் கட்டுற கொம்பு) போற வழி நேரா இருக்கணும், கோணலா போனா செயின் எப்பவும் ஒரு பக்கத் தகடையே அரைச்சுக்கிட்டு இருக்கும். ஓடும்போது நங்கூரத்தை பின் போட்டு, கயித்தாலும் கட்டுங்க, அலையில குதிச்சு அது தானா கீழ போச்சுன்னா பெரிய ஆபத்து. எடையையும் மறந்துடாதீங்க, 8 மிமீ செயின் மீட்டருக்கு கிட்டத்தட்ட 1.4 கிலோ, 10 மீட்டர் செயினையும் 10 கிலோ நங்கூரத்தையும் மூக்குலயே வச்சா 24 கிலோ, சின்னப் படகு தலை குனியும், செயினை முடிஞ்ச அளவு பின்னாடி தள்ளி வைங்க.

முதல் காத்தடிச்ச ராத்திரி முடிஞ்சதும் டார்ச் எடுத்துக்கிட்டு மூக்கு டெக்குக்குக் கீழ இருக்குற ஆங்கர் லாக்கருக்குள்ள (நங்கூரம், செயின் வைக்கிற அறை) தலையை விட்டுப் பாருங்க. ஒவ்வொரு நட்டைச் சுத்தியும் டிஷ்யூ பேப்பரை ஒத்தி எடுங்க, ஈரம் ஒட்டுதான்னு தெரியும், மேல ரோலரைச் சுத்தி ஜெல்கோட்ல முடி மாதிரி கோடு விழுந்திருக்கான்னும் பாருங்க. கோடு இருந்தா பேக்கிங் பிளேட் பத்தலைன்னு அர்த்தம், அடுத்த தடவை நங்கூரம் போடுறதுக்கு முன்னாடி கழட்டி பெரிய பிளேட்டா மாத்திடுங்க.