ஏற்றத்தில் மிதித்தால் சைக்கிள் செயின் வழுக்குகிறதா?

பூ மூட்டையோ பால் கேனோ கட்டிக்கொண்டு வைகைப் பாலம் ஏறும்போது ‘கடக்’கென்று செயின் வழுக்கினால், உடனே பின் சக்கரத்தை இழுத்து முறுக்காதீர்கள். தேய்ந்த செயினை இறுக்கினால் நாலு நாள் தாங்கும். அதற்குள் பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லையும் தின்றுவிடும்.

முதலில் சத்தத்தை எண்ணுங்கள். கியர் இல்லாத சைக்கிளில் பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டொக்’ கேட்டால் கோளாறு பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் பக்கம். பெரும்பாலும் கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு, அதாவது ‘காட்டர் பின்’, தளர்ந்திருக்கும். ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினில் ஒரு கண்ணி மடங்காமல் இறுகிக் கிடக்கிறது. முன் பல்சக்கரத்தில் 44 பல், செயினில் சுமார் 110 கண்ணி. அதனால்தான் இந்தக் கணக்கு. அந்தக் கண்ணியில் மண்ணெண்ணெய் விட்டு, பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் இளகிவிடும். செயின் ஓடியும் சக்கரம் சுற்றவில்லையா? ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சிறு நாக்குகள் அழுக்கில் ஒட்டிக்கொண்டன. சக்கரத்தைப் படுக்க வைத்து இடுக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பின்பக்கமாகச் சுற்றிக் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். கிரீஸ் கூடாது, மறுபடி ஒட்டும்.

நேரம் காலம் இல்லாமல், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வழுக்கினால் செயினை அளக்க வேண்டும். விறைப்பாகப் பிடித்து 24 கண்ணியை, கண்ணிகளைக் கோக்கும் ‘பின்’னின் நடுவிலிருந்து நடுவுக்கு அளங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது, முன்னைவிட மோசமாக வழுக்கும். அதில் பாதி கூடும்போதே செயினை மாற்றிவிட்டால் பெரும்பாலும் ஃப்ரீவீல் பிழைக்கும். ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் தகடு நீள்வதில்லை, உள்ளே பின்னும் துளையும்தான் தேய்கின்றன.

மாட்டும்போது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். பெடலை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, அரை அங்குலம் மேலும் கீழும் ஆடும்படி வைத்துப் பின் சக்கர நட்டை முறுக்குங்கள்.

பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதி அதில் படிந்தால் சாணை பிடிக்கிற பசைதான். கண்ணிக்கு ஒரு சொட்டு நல்ல எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.