ராடு நல்லாத்தான் இருந்தது

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். மார்கழிக் குளிரில் அம்மா சொன்னார்: "ஏஞ் சாமி, தண்ணி காயவே மாட்டீங்குது." தண்ணீர் காய்ச்சும் ராடு புதுசு, 1500 வாட். வாங்கிய கடையில் மாற்றித் தருகிறேன் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, முதலில் அளந்து பார்த்தேன்.

ராடு ஓடும்போது பிளக்கில் 190 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) 5.4 ஆம்பியர். (கிளாம்ப்பை ஒரே ஒயரில்தான் மாட்ட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும்.) வோல்டேஜை கரண்டால் வகுத்தால் மின்தடை: 35 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் ராடுக்கு அதுதான் இருக்க வேண்டும். ஆக ராடில் குறையில்லை. வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் 1026 வாட். மூன்றில் ஒரு பங்கு சூடு காணோம்!

மீட்டர் பெட்டியில் அதே நேரம் 228 வோல்ட். நடுவில் 38 வோல்ட் தொலைகிறது. 38 பெருக்கல் 5.4, சுமார் 205 வாட். அவ்வளவும் ஒயரிலேயே எங்கோ சூடாகிறது என்று புரிந்ததும் பகீரென்றது. மெயினை அணைத்துவிட்டு ஒயர் வழியே நடந்தேன். மாட்டுக்கொட்டகை ஓரம், காய்ந்த சோளத்தட்டுப் போருக்கு ஒரு முழம் தள்ளி, வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். டேப் உருகி, அலுமினியக் கம்பி கருகிப் பொடியாக உதிர்ந்தது.

எலக்ட்ரீசியனை வைத்து மீட்டர் பெட்டியிலிருந்து பிளக் வரை 60 மீட்டருக்கும் ஜாயின்ட் இல்லாமல் 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ. தடிமன்) காப்பர் ஒயர் இழுத்தோம். இப்போது பிளக்கில் 224 வோல்ட், 6.3 ஆம்பியர்.