வீட்டில் கட்டிய டிரெய்லருக்குப் பாதுகாப்புச் சங்கிலி பொருத்துவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் சொந்தமாக டிரெய்லர் கட்டுபவர்கள் அச்சு, சக்கரம், விளக்கு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். சங்கிலி மட்டும் கடைசி நாளில், கைக்கு அகப்பட்டதை மாட்டுவதாக முடிந்துவிடுகிறது. ஓடும்போது டிரெய்லர் முனையிலுள்ள கப்ளிங் (இணைப்புப் பூட்டு) காரின் பின்னாலுள்ள இழுவைப் பந்திலிருந்து கழன்றால், காரோடு டிரெய்லரைப் பிணைத்து வைத்திருப்பது அந்தச் சங்கிலி ஒன்றுதான். இந்த வேலைக்கு அரைநாள் ஒதுக்குங்கள்.

1. எடையை முடிவு செய்யுங்கள்

முழுச் சுமையோடு டிரெய்லரின் அதிகபட்ச மொத்த எடையை ஏ.டி.எம். என்பார்கள். சங்கிலியைத் தேர்ந்தெடுப்பது இந்த எண்ணை வைத்துத்தான். வெறும் டிரெய்லரின் எடையை வைத்தல்ல. 2.5 டன் வரை குறைந்தது ஒரு சங்கிலி வேண்டும் என்கிறது விதி. அதற்கு மேல் 3.5 டன் வரை இரண்டு கட்டாயம். அதையும் தாண்டினால் உயர்வலிமை எஃகுச் சங்கிலி தேவை. அதில் வெல்டிங் சூடு படக் கூடாது. புதியவர்கள் அந்த எடைக்குப் போக வேண்டாம்.

சிறிய டிரெய்லராக இருந்தாலும் இரண்டு சங்கிலி போடுங்கள் என்றே நான் சொல்வேன். ஒற்றைச் சங்கிலியில் தொங்கும் டிராபார் (டிரெய்லரின் முன்னால் நீளும் இழுவைச் சட்டம்) இடமும் வலமும் அலையும். இரண்டைக் குறுக்காகப் போட்டால் கீழே விழும் டிராபாரைத் தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும்.

2. முத்திரை பார்த்து வாங்குங்கள்

டிரெய்லருக்கான சங்கிலியில் 4177 என்ற தர எண்ணும், அதை அடுத்து எடை எண்ணும் பதிந்திருக்கும். 4177-10 என்றால் 1 டன். 16 என்றால் 1.6; 25 என்றால் 2.5, 35 என்றால் 3.5 டன். உங்கள் ஏ.டி.எம். 1.3 டன் என்றால் 16 வாங்க வேண்டும். முத்திரை இல்லாத சங்கிலி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சங்கிலியைக் காரோடு மாட்டும், திருகு கொண்ட ‘U’ வடிவ ஷாக்கிளும் அப்படியே: தாங்கும் எடை பொறித்ததை மட்டும் வாங்குங்கள்.

3. டிராபாரில் பற்றவையுங்கள்

கப்ளிங்குக்குச் சற்றுப் பின்னால், டிராபாரின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக. கப்ளிங்கின் போல்ட்டில் சங்கிலியை மாட்டாதீர்கள். போல்ட் முறிந்தால் சங்கிலியும் கூடவே போய்விடும். கடைசிக் கண்ணியின் சுற்றளவில் பாதியாவது உலோகத்தோடு பிடிக்க வேண்டும். அதற்கு அடுத்த கண்ணி தடையில்லாமல் அசைய வேண்டும். துத்தநாகப் பூச்சு இருந்தால் பற்றவைக்கும் இடத்தில் முதலில் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்தப் பூச்சு எரியும் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். வெல்டிங்கில் கை பழகவில்லையா? இந்த இரண்டு இடங்களை மட்டுமாவது தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். சூடு ஆறியதும் பெயின்ட்.

4. குறுக்காக மாட்டுங்கள்

இடப்பக்கச் சங்கிலி டிராபாருக்கு அடியில் சென்று டோபாரின் (காரின் பின்னாலுள்ள இழுவைச் சட்டம்) வலது துளைக்கு. வலப்பக்கச் சங்கிலி இடது துளைக்கு. ஷாக்கிளின் திருகை இறுக்கிவிட்டு, அதிர்வில் கழலாமல் கம்பியால் கட்டுங்கள்.

5. நீளத்தைச் சோதியுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. சமதரையில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். கப்ளிங்கைப் பந்திலிருந்து விடுவித்து, ஜாக்கி வீலின் (டிராபாரைத் தாங்கும் சிறு சக்கரம்) கைப்பிடியைச் சுழற்றி டிராபாரை மெல்ல இறக்குங்கள். கை, கால் எதுவும் அடியில் இருக்கக் கூடாது. டிராபாரின் நுனி தரையைத் தொடுமுன் சங்கிலிகள் அதைத் தாங்கி நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் நீளம் அதிகம்.

பிறகு மீண்டும் கப்ளிங்கைப் பூட்டி, காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரு பக்கமும் மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். எந்தச் சங்கிலியும் விறைக்கக் கூடாது. சங்கிலியை முறுக்கி நீளத்தைக் குறைப்பவர்கள் உண்டு. முறுக்கினால் கண்ணிகள் கோணலாக இழுபட்டு வலிமை குறையும். நீளம் அதிகமாக இருந்தால் முறுக்காமல், ஒரு கண்ணி உள்ளே தள்ளி ஷாக்கிளை மாட்டி, இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். இரண்டிலும் தேறிய பிறகு மிச்சத்தை வெட்டலாம்.