ஆளுயர வாள், ஒன்றரைக் கிலோவுக்குள்

1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 விளையாட்டில் நாயகன் கிளவுட் முதுகில் சுமக்கும் பஸ்டர் வாளைப் பார்த்து, அதுபோல ஒன்று செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் நீளத்தைத்தான் யோசிக்கிறார்கள். கண்ணை ஏமாற்றுவது அகலம். ஜப்பானின் நிஜமான ஓதாச்சி வாள்களும் நீளமானவைதான், ஆனால் ஒல்லியானவை. 25 செ.மீ. அகலம் கொடுத்தால் 110 செ.மீ. அலகே (பிடி நீங்கலான வாள்பகுதி) ராட்சதமாகத் தெரியும்.

இதே அளவை, 3.6 செ.மீ. கனத்தில், இரும்பில் வார்த்தால் ஏறத்தாழ 77 கிலோ. ஒன்றரை மூட்டை சிமெண்ட். தர்மபுரிப் பக்கத்து முனியப்பன் சிலைகள் தூக்கி நிற்கலாம், சிலைக்குக் கை வலிக்காது. நமக்கு லேசான நுரையான ஈவிஏ ஷீட்தான் சரி.

வாங்க வேண்டியவை: குழந்தைகள் விளையாடும் 60 செ.மீ. புதிர்ப் பாய், 12 மி.மீ. கனத்தில் மூன்று (ஒன்று உபரி), 6 மி.மீ. ஈவிஏ ஷீட்டில் 110×25 செ.மீ. துண்டு இரண்டு, ஒட்டில்லாமல். செருப்பு தைக்கும் சாமான் விற்கும் கடையில் இது கிடைக்கும். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் அலகுக்குள் வைக்க 25 மி.மீ. பிவிசி குழாய் 95 செ.மீ., பிடிக்கு 20 மி.மீ. குழாய் 60 செ.மீ. இரண்டையும் கடையிலேயே ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பாருங்கள்; சுவர் தடித்த குழாய் என்றால் நுழையாது. ஒட்டுவதற்கு, தச்சர்கள் சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை. தெர்மோகோலில் செய்ய நினைத்தால் இந்தப் பசையே அதைக் கரைத்துவிடும்.

பாய்களின் பல்லை வெட்டி, 55×25 துண்டுகளாக்குங்கள். முதல் அடுக்கு 55+55. இரண்டாவது 27.5+55+27.5. இரண்டு அடுக்கிலும் இணைப்பு ஒரே இடத்தில் விழுந்தால் வாள் அங்கேதான் மடியும். இரண்டு அடுக்கிலும் நடுவே, அடியிலிருந்து 90 செ.மீ. வரை, 25 மி.மீ. அகலத்துக்குக் குழாய் உட்காரும் பள்ளம் வெட்டுங்கள்.

பெரும்பாலான வாள்கள் கெடுவது இந்த இடத்தில்தான். பிடியைத் திருப்பினால் குழாய் மட்டும் சுற்றும், அலகு அப்படியே நிற்கும். வழவழப்பான பிவிசியில் பசை சரியாகப் பிடிக்காது. 80-ஆம் எண் உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தாலும் பசையை மட்டும் நம்பக் கூடாது. அலகின் அடியிலிருந்து 35 செ.மீ., 80 செ.மீ. உயரங்களில் குழாயில் குறுக்கே துளை போட்டு, 6 மி.மீ. மூங்கில் குச்சி 15 செ.மீ. நீளத்தில் செருகுங்கள். குச்சிகள் இரண்டு நடு அடுக்குகளுக்கும் இடையே படுத்துக்கொள்ளும், குழாயைச் சுற்ற விடாது. முதல் குச்சியை 35-க்குக் கீழே இறக்காதீர்கள். பிடிக்குழாய் உள்ளே 25 செ.மீ. வரை ஏறும், இடிக்கும்.

பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருங்கள். வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம், கிருஷ்ணகிரி வெயிலில் இன்னும் சீக்கிரம். ஈரமாக ஒட்டினால் உள்ளே காயாமல் வழுக்கும். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது. ஒரு முனையிலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். நடு அடுக்குகள் பிடித்ததும் இருபுறமும் 6 மி.மீ. ஷீட்டை ஒட்டுங்கள்.

வெட்டு விளிம்புக்கு, ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு, கனத்தின் நடுவை நோக்கிச் சாய்த்துச் சீவுங்கள். கட்டர் பிளேடை அடிக்கடி உடைத்துப் புதுமுனை எடுங்கள், மழுங்கினால் பிய்க்கும். பிறகு 120, 240 உப்புத்தாள்.

ஹீட் கன்னை நிறுத்தாமல் நகர்த்தியபடி காட்டினால் மேற்பரப்பு லேசாக மினுங்கும். துளைகள் அடைபட்டதற்கு அதுவே அடையாளம். ஒரே இடத்தில் பிடித்தால் குழி விழும். வெள்ளை ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து நான்கு கோட். மேலே கறுப்பு அக்ரிலிக், அது காய்ந்ததும் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெள்ளி நிறம். எனாமல் வேண்டாம், வளையும்போது வெடிக்கும்.

அலகுக்கு வெளியே 25 மி.மீ. குழாய் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பிடிக்குழாயை 30 செ.மீ. செருகி (ஆடினால் மாஸ்கிங் டேப் சுற்றி), அந்த நீட்டலிலேயே குறுக்கே துளைத்து 5 மி.மீ. போல்ட்டும் பட்டாம்பூச்சி நட்டும் மாட்டுங்கள். பிடிக்குப் பேட்மின்டன் கிரிப் போதும். போல்ட்டை மறைக்க ஈவிஏ துண்டில் கைக்காப்பு.

கதாபாத்திர வேடமிடும் (காஸ்ப்ளே) பெங்களூரு நிகழ்ச்சிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் பிடியைக் கழற்றிவிட்டு, அலகைப் போர்வையில் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். போல்ட் முனைகூட வெளியே தெரியாமல் மூடுங்கள், நுழைவாயிலில் உலோகத்தைப் பார்த்தால் நிறுத்தக்கூடும். காரில் போனால், மே மாதத்தில் மூடிய வண்டிக்குள் வாளை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். திரும்பி வரும்போது பசை இளகி, அலகு வாழை மட்டைபோல வளைந்திருக்கும்.