சூனியக்காரிக்குக் காதல் வந்தால்: ஜாலியான மாயக் காதல் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெருநகரம், ஒரு ஃபிளாட், ஒரு சூனியக்காரி, ஒரு பூனை, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் ஓர் அழகன், நடுவில் ஏடாகூடமாகிப் போகும் ஒரு மந்திரம். இவ்வளவு இருந்தால் முதல் மூன்று அத்தியாயங்கள் தாமாகவே ஓடிவிடும். நான்காவதில் கதை படுத்துவிடும். ஏன் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மந்திரம் காதலுக்கு உதவி செய்துகொண்டிருக்கும். உண்மையில் உபத்திரவம் செய்வதுதான் அதன் வேலை.

நாயகி விரலைச் சொடுக்கியதும் மழை வருகிறது, இருவரும் ஒரே குடைக்குள் ஒதுங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்து என்ன? ஒன்றும் இல்லை. இதையே மாற்றிப் பாருங்கள். அவள் பொய் சொன்னால் பக்கத்தில் இருக்கும் மின்சாதனம் செத்துவிடும். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் வாரம் இரண்டு தடவை நிற்கிறது, அவனும் வாரம் இரண்டு தடவை வருகிறான். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் இருவரும் மாட்டிக்கொண்டிருக்கும்போது, "எதனாலதான் இது நிக்குதுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று அவன் கேட்கிறான். "தெரியாதே" என்கிறாள். விளக்கும் அணைந்துவிடுகிறது. இங்கே மந்திரம்தான் அவர்களைச் சேர்த்தது, அதுவே அவளை மனம் திறக்கவிடாமல் தடுக்கிறது, சிரிப்பும் அதிலிருந்தே வருகிறது. மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்பவம் யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்து காதல் மருந்து. இந்த வகைக் கதையில் எழுத வருபவர் எல்லோரும் ஒரு தடவையாவது கைவைக்கும் சமாச்சாரம் இது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப் போவதும் இங்கேதான். மருந்தைக் குடித்துவிட்டு மயங்கிக் கிடப்பவனுக்குச் சம்மதம் என்று ஒன்று கிடையாது. அவன் கொஞ்சுவதும் உருகுவதும் வேடிக்கையாக எழுதப்பட்டிருந்தாலும், படிப்பவருக்கு உள்ளுக்குள் நெருடும். மருந்து தெளிந்த பிறகு, "எனக்கு முன்பே உன்னைப் பிடித்திருந்தது" என்று ஒரு வசனம் வைத்துச் சமாளிப்பதும் எடுபடாது.

அதற்காக அந்தக் குப்பியையே தூக்கிப் போட வேண்டாம். அவள் காபியில் கலந்த மருந்தை அவன் குடிக்கவே இல்லை, அவள் திரும்பிய நேரத்தில் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டான் என்று வையுங்கள். அவளுக்கு அது தெரியாது. மறுநாள் அவன் இயல்பாகவே அன்பாகப் பேசுகிறான். அவளோ எல்லாம் மருந்தின் வேலை என்று குற்ற உணர்ச்சியில் தவிக்கிறாள், முறிவு மந்திரம் தேடி அலைகிறாள், அவனை விரட்டிவிடப் பார்க்கிறாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பூந்தொட்டிச் செடி மட்டும் அவள் இருக்கும் பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து வளர்கிறது. இதில் ஒரு விஷயம் முக்கியம்: பூந்தொட்டி ரகசியம் வாசகருக்கு அப்போதே தெரிந்துவிட வேண்டும். தெரிந்தால் ஒவ்வொரு காட்சியும் நகைச்சுவை. கடைசியில் திருப்பமாக வைத்தால் அத்தனை பக்கமும் அவரை ஏமாற்றியதாகிவிடும்.

மந்திரத்துக்கு எல்லை வைக்காமல் விடுவது இன்னொரு பழைய தவறு. அவளால் என்ன முடியாது, செய்தால் என்ன பறிபோகும் என்ற இரண்டும் எழுதுபவருக்குத் தெளிவாக இருந்தால் போதும். ஆனால் தெளிவாகத் தெரிந்ததை எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே கொட்டிவிடுகிறார்கள். சூனிய சபையின் அறுநூறு வருட வரலாறு, ஏழு குலங்கள், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிறம்! யாருக்கு வேண்டும்? அவள் ஒரு பூட்டை மந்திரத்தால் திறக்கிறாள், அன்று முழுக்க அவளுக்கு ருசி தெரியவில்லை. விதி புரிந்துவிட்டது, சரி, கதைக்குப் போகலாம்.

நகரம் கதையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல கதைகளில் நகரம் பெயருக்குத்தான் இருக்கும். காட்டு நடுவே ஒரு குடிசையில் நடக்கக்கூடிய கதையை ஃபிளாட்டில் நடத்தியிருப்பார்கள். வாடகை ஒப்பந்தம், சிசிடிவி, ஃபயர் அலாரம், சுவரைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர், டெலிவரி ஆள் கதவைத் தட்டும் நேரம் எல்லாம் மந்திரத்துக்கு இடைஞ்சல்கள். சாம்பிராணி மாதிரி எதையாவது புகைத்தால் அலாரம் அடிக்கும் வீட்டில் ஒரு சடங்கை எப்படி முடிப்பது? அங்கேயே ஒரு முழுக் காட்சி இருக்கிறது. போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே விளக்குமாற்றில் பறந்தாள், யாரும் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லார் கையிலும் கேமரா இருக்கும் காலம் இது. மந்திரம் ஊரறிந்ததா, ரகசியமா என்று ஒன்றை முடிவு செய்துவிட்டு, ரகசியம் என்றால் அதைக் காப்பாற்ற அவள் படும் பாட்டையும் எழுதுங்கள்.

கற்பனைக் கதைதானே என்று தகவல்களில் அசட்டையாக இருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் பலி நிலா. நள்ளிரவில் பௌர்ணமி நிலவு கிழக்கே மெல்ல எழுகிறது என்று எழுதுகிறார்கள். பௌர்ணமி நிலவு சூரியன் மறைவதை ஒட்டி உதித்துவிடும்; நள்ளிரவில் அது ஏறக்குறைய உச்சியில் இருக்கும். வளர்பிறையின் மெல்லிய கீற்று மாலையில் மேற்கே கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டு மறைந்துவிடும், நடுராத்திரி மொட்டைமாடி முத்தத்துக்கு அது வராது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சுமார் 29.5 நாள் இடைவெளி. ஆகவே முதல் சடங்கு பௌர்ணமியில் நடந்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு பௌர்ணமி வந்தால், கணக்குத் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவைப்பார். இந்தக் கட்டுப்பாடு கதைக்கும் நல்லது: தப்பிய மந்திரத்தைச் சரிசெய்ய அடுத்த பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டும் என்றால், காதல் வளர ஒரு மாதம் கிடைத்துவிடுகிறது.

மூலிகையிலும் இதே கதைதான். பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்று ஃபாக்ஸ்குளோவைக் கொதிக்கவைத்துக் காதலனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். டிஜிட்டாலிஸ் என்ற அந்தச் செடி இனத்திலிருந்துதான் டிஜாக்சின் என்ற இதய மருந்து கிடைக்கிறது. அளவில்லாமல் உள்ளே போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். படபடப்பு வரும்தான், ஆனால் அது காதல் படபடப்பு இல்லை. பாதுகாப்பாக ஒரு செடியைக் கற்பனையிலேயே உருவாக்கிக்கொள்வது மேல்.

வரலாற்றைத் தொட்டால் இன்னும் கவனம் வேண்டும். "சேலத்தில் எரிக்கப்பட்ட என் மூதாட்டி" என்று அமெரிக்காவின் சேலம் நகரைச் சொல்லி நாயகி பெருமூச்சு விடும் வசனத்தைப் பலர் எழுதுகிறார்கள். 1692இல் அங்கே நடந்த வழக்குகளில் யாரும் எரிக்கப்படவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அவர்கள் சூனியக்காரர்களும் இல்லை, பழி சுமத்தப்பட்ட சாதாரண மனிதர்கள். சூனியப் பழி சுமத்திப் பெண்களைத் துன்புறுத்துவது உலகின் பல பகுதிகளில் இன்றும் நடக்கிறது. ஜாலியான கதைக்குள் இதைச் சிரிப்பு வரிக்காக இழுக்க வேண்டாம். சிரிப்புக்கு வரலாறுதான் வேண்டும் என்றால் பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூனியம் செய்வது குற்றம் என்பதை நீக்கிவிட்டு, தனக்கு மாய சக்தி இருப்பதாகப் பாவனை செய்வதைக் குற்றமாக்கியது அது. 1951 வரை அமலில் இருந்தது. நிஜச் சூனியக்காரி ஒருத்தி அந்தச் சட்டத்தில் மாட்டினால் தன் சக்தி நிஜம் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டுமே!

நகைச்சுவையைப் பற்றிச் சுருக்கமாக. எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி நக்கலாகப் பேசினால் யார் பேசுவது என்றே தெரியாது. நாயகி தடுக்கி விழுந்துகொண்டே இருப்பது நகைச்சுவை ஆகாது. ஒரு விஷயத்திலாவது அவள் கெட்டிக்காரியாக இருக்கட்டும், அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளை வம்பில் மாட்டிவிடட்டும். காதலைச் சொல்லும் இடத்தில் ஜோக்கை நிறுத்துங்கள். நாயகனுக்குத் தாடையும் தோளும் மட்டும் போதாது, அவனுக்கும் ஒரு வேலை, ஒரு கவலை, ஒரு பிடிவாதம் வேண்டும்.

பாதிக் கதைக்கு மேல் ஒரு இருண்ட சக்தி தலைகாட்டி, உலகமே அழியப் போகிறது என்று கதை வேறு பக்கம் போவது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. ரொமான்ஸ் நாவல் என்றால் காதல் கதை நடுநாயகமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும் என்று அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் வரையறுத்திருக்கிறது. காதலை உருவிவிட்டாலும் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் நீங்கள் எழுதியிருப்பது வேறு நாவல். இந்த அளவுக் கதைக்கு, அவள் குடியிருக்கும் கட்டடத்தைச் சூனிய சபையிடமிருந்து காப்பாற்றுவதே போதுமான ஆபத்து.

முடிவுக்கு முன் காதலர்கள் பிரிவதும் அப்படித்தான். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்துக்காக இருவரையும் நாற்பது பக்கம் அழவிடாதீர்கள். அவள் மறைத்த சக்தி அவனுக்கு நிஜமாகவே நஷ்டம் உண்டாக்கியிருக்க வேண்டும். லிஃப்ட் அடிக்கடி நின்றதால் அவன் வேலையே போய்விட்டது என்றால் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. சமாதானம் ஆவதற்காக அவள் சக்தியை நிரந்தரமாகத் துறக்கிறாள் என்று முடிப்பதையும் விட்டுவிடலாம். சூனியக்காரி கதை என்று வாங்கியவரிடம் சூனியக்காரியையே பறிப்பது என்ன நியாயம்? இரண்டாம் பாகம் எழுதும் ஆசை இருந்தால் சபை விவகாரத்தைப் பாக்கி வையுங்கள், இந்த ஜோடியைச் சேர்த்துவைத்துவிட்டு முடியுங்கள்.

அப்புறம் அந்தப் பூனை. பேசுவதாக இருந்தால் குறைவாகப் பேசட்டும். பூனைதான் வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தின் பழைய சூனிய வழக்குகளில் துணைப் பிராணியாகத் தேரை, எலி, நாய் எல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன. செல்லப் பிராணி கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஃபிளாட்டுக்குத் தேரை ரொம்ப வசதி.