தேயிலை விவசாயிகளுக்கு மின்மடல் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகளுக்கு மாதந்தோறும் மின்மடல் அனுப்ப முன்வருவோர், எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்: இதைப் படித்தவர் மறுநாள் தோட்டத்தில் எதைக் கவனிப்பார்? விடை இல்லையெனில், அம்மாதம் மடல் அனுப்பாமலிருப்பதே நல்லது.

"ஜூலை மாத மடல்" என்ற தலைப்பை எவரும் ஆவலுடன் திறப்பதில்லை. கைபேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்களே தெரியும் என்பதால், "கொப்புள நோய்: கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள்" என்று விஷயத்தை முன்னால் வைக்க வேண்டும். தலைப்பை அடுத்து அஞ்சல் பெட்டியில் தெரிவது மடலின் முதல் வரி. அந்த இடத்தில் "மலைகளின் அரசியின் மடியிலிருந்து வணக்கம்" என்று எழுதுவது வீண். இளங்கொழுந்தின் அடிப்புறத்தில் வெண்ணிறக் கொப்புளம் புடைத்திருக்கும், மேற்புறம் குழிந்திருக்கும் என்று நேரே தொடங்கினால், மடலைத் திறக்காதவருக்கும் பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். கவ்வாத்து (செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்குதல்) பற்றிய மடல் ஒன்றை அழகாக வடிவமைத்து, எழுத்து முழுவதையும் ஒரே படமாக அனுப்பினேன். சிக்னல் சரியாகக் கிடைக்காத பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு வெற்றுக் கட்டம் மட்டுமே தெரிந்தது. அன்றுமுதல் செய்தியை யூனிகோடு எழுத்தாகவே தருகிறேன். படம் இல்லாமலும் பொருள் விளங்க வேண்டும்.

நீளத்திலும் கவனம் தேவை. எழுத்தும் வடிவமைப்புக் குறிகளும் சேர்ந்த மடலின் நிரல் ஏறத்தாழ 102 கேபியை (கிலோபைட்) தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து 1 பைட், 'க' 3 பைட், 'கொ' 6 பைட் ஆதலால், தமிழ் மடல் ஆங்கில மடலைவிட விரைவில் அந்த எல்லையைத் தொடும். மடல் இனி வேண்டாம் என்போருக்காகக் கடைசியில் இருக்கும் விலகல் இணைப்பும் அப்போது மறைந்துபோகும். விலக வழி காணாதவர் ஸ்பேம் என்று குறித்துவிட்டால், அடுத்த மடல் மற்றவர்களுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 அல்லது அதற்கு மேல் மடல் அனுப்புவோர் தம் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. ஐம்பது பேருக்கு அனுப்புவோரும் அதைத் தருவதே மரியாதை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை அதிகம் நம்ப வேண்டாம். மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்தே அது எடுக்கப்படுகிறது. 2021 முதல் ஆப்பிளின் அஞ்சல் செயலி, பயனர் அனுமதித்திருந்தால், அவர் மடலைத் திறக்காமலேயே படங்களை இறக்கி வைத்துக்கொள்கிறது. அதைவிட, "உங்கள் தோட்டத்தில் கொப்புளம் தென்பட்டதா?" என்று மடலின் இறுதியில் கேட்டு, எத்தனை பதில்கள் வந்தன என்று எண்ணலாம்.