தென்னை மூன்று வருடம் கழித்துத்தான் சொல்லும்

"போன கோடையில் தண்ணீர் நன்றாகத்தான் விட்டேன், இருந்தும் காய் குறைந்துவிட்டது" என்று புலம்பாத தென்னை விவசாயி குறைவு. காரணத்தைப் போன கோடையில் தேடினால் கிடைக்காது. குருத்துக்குள் பாளை உருவாகத் தொடங்கி, அது வெளியே வந்து வெடிக்கவே ஏறக்குறைய 32 மாதம் ஆகிறது. அப்புறம் காய் முற்ற இன்னும் ஒரு வருடம். இன்று வெட்டுகிற குலைக்கு மூன்றரை வருடத்துக்கு முன்பே கரு வைத்தாகிவிட்டது. அதனால்தான் தென்னையில் செய்கிற தவறு அன்றைக்குத் தெரிவதில்லை.

முதல் தவறு தண்ணீரில். தூரை ஒட்டிச் சின்னதாகப் பாத்தி கட்டி, அது நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிடுகிறோம். சொட்டுநீர் போட்டவர்களும் குழாயைத் தூருக்குப் பக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் தூரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, முழங்கை ஆழத்துக்கு மெல்லத் தோண்டிப் பாருங்கள். தடித்த பழுப்பு வேர்களுக்கு நடுவே நுனி மட்டும் வெளுத்த இளவேர்கள் தென்படும். தண்ணீரை உறிஞ்சுவது அந்த வெளுத்த நுனிப்பகுதிதான். தென்னை வேரில் வேர்த்தூவிகளே கிடையாது. தூரில் இருக்கும் முதிர்ந்த வேர் மரத்தைப் பிடித்து நிறுத்தும், குடிக்காது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறு அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுப்பது இதற்காகத்தான். சொட்டுவான்களையும் தூரிலிருந்து மூன்று அடி தள்ளி நான்கு பக்கமும் பிரித்து வையுங்கள். கிணற்றில் தண்ணீர் குறைவாக இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உறிஞ்ச வேர் இல்லாத இடத்தில் விடுகிற தண்ணீரை மரம் பார்ப்பதே இல்லை.

விட்ட ஈரத்தைக் காக்க உரிமட்டை போடுகிறோம், சரி. ஆனால் எப்படிக் கிடக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. பாத்தியின் மேல் மூடாக்காகப் போடும்போது முதுகு மேலே இருக்க வேண்டும். ஒரு மரத்துக்கு நூறு மட்டை வரை தேவைப்படும். மல்லாந்து கிடந்தால் மழைநீர் தேங்கிக் கொசு வளரும், கீழே மண் காயும். அதே மட்டையை மரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் குழியெடுத்துப் புதைக்கிறீர்கள் என்றால் தலைகீழ்: குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீரைக் கிண்ணம் போல ஏந்திப் பிடிக்கும். அப்படிப் புதைத்ததன் பலன் ஐந்தாறு வருடம் நிற்கும்.

உரத்தைக் காய்ந்த மண்ணில் ஒரே இடத்தில் குவிப்பதும் வீண். ஈரம் இருக்கும்போது, இரண்டாகப் பிரித்து, ஜூன்-ஜூலையில் ஒரு பாதி, டிசம்பர்-ஜனவரியில் மறு பாதி என்று பாத்தி முழுக்கத் தூவிக் கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

பச்சை ஓலையை வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கூரைக்கு, பந்தலுக்கு, சும்மா பார்வைக்கு என்று கழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஓலையின் கவட்டிலும் ஒரு பாளை இருக்கிறது. ஓலைதான் அதற்குச் சோறு போடுகிறது. தானாகக் காய்ந்து தொங்குவதை மட்டும் எடுங்கள்.

கடைசியாக வெள்ளை ஈ. ஓலையின் சாற்றை உறிஞ்சும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது. ஓலை கறுத்ததைக் கண்டு பயந்து கடும் பூச்சிமருந்தை அடித்தவர்கள் பலர். அந்தக் கறுப்பு, ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்தில் வளர்கிற கரும்பூசணம். மைதா மாவைக் காய்ச்சி லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கரைத்துத் தெளித்தால் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துவிடும். மருந்தோ, ஈயின் குஞ்சுக்குள் வளர்ந்து அதைத் தின்று அழிக்கும் என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. ஓலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கூட்டுப்புழுக்களில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியே வந்து வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்துப்போய் இன்னும் ஓட்டை விழாத கூடுகள் இருக்கிற ஓலைத்துண்டுகளை நறுக்கி, குளவி இல்லாத மரங்களில் கட்டிவிடுங்கள். பக்கத்துத் தோப்புக்காரருக்கும் நாலு துண்டு கொடுங்கள்.